தாலாட்டும் ஒப்பாரியும்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

அயர்லாந்து விடுதலைப் போராளி பாட்ரிக் பியர்ஸ் பற்றி நான் எழுதிய சிறு நூல் ஒருவழியாக அச்சேறிவிட்டது. நன்றி சொல்வதற்குப் பதிப்பாளர் அரைப் பக்கம்தான் கொடுத்தார். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் பெயர்கள் இல்லை. அவரவருக்கு அவரவரைத் தெரியும்.

முதலில் மருமகன். மகள் வீட்டுக்கென்று டப்ளின் வந்தவனை, சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று இரங்கி ஊர் சுற்றிக் காட்டினார். பியர்ஸ் தெரு 27 ஆம் எண் வீட்டின் முன் நிறுத்தி, "மாமா, அவர் பிறந்த வீடு இதுதான்" என்றார். 1879 நவம்பர் 10 அன்று அவர் பிறந்தபோது அது கிரேட் பிரன்ஸ்விக் தெரு. தகப்பனார் ஜேம்ஸ் இங்கிலாந்திலிருந்து வந்த கல் சிற்பி. தேவாலயங்களுக்குச் சிலைகள் செதுக்கியவர். வீட்டில் புழங்கியது ஆங்கிலம். ஐரிஷ் மொழியைப் பியர்ஸ் பள்ளிக்கூடத்தில்தான் முறையாகப் படித்தார் என்பது எனக்குப் புதுச் செய்தி. அதுவரை நான் அறிந்த பியர்ஸ், 1916 ஈஸ்டர் திங்களன்று டப்ளின் தலைமைத் தபால் நிலைய வாசலில் ஐரிஷ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்து, மே 3 அன்று கில்மெய்னம் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவ்வளவுதான்.

அவருக்குள் இருந்த வாத்தியாரை எனக்குக் காட்டியவர் டப்ளின் புறநகரான ராத்ஃபார்னத்தில் உள்ள பியர்ஸ் அருங்காட்சியகத்தில் பணிபுரியும் ஒரு பெண்மணி. நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்று தெரிந்ததும், மூடும் நேரம் வரை கூடவே நடந்தார். 1908 செப்டம்பரில் ரானலாவில் ஓர் இல்லத்தில் பியர்ஸ் தொடங்கிய செயின்ட் எண்டா பள்ளி, 1910 இல், இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் இந்தப் பெரிய மாளிகைக்கு மாறியது. தோட்டமும் ஓடையும் வாய்த்தன, கூடவே கடனும். 1914 இல் அமெரிக்கா போய்ப் பள்ளிக்காகக் கையேந்தும் அளவுக்குக் கடன். தங்கள் மாணவர் தலைவனைப் பையன்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அந்தப் பெண்மணி சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. முப்பத்திரண்டு ஆண்டு வகுப்பு எடுத்தவன் நான். எந்த வகுப்புத் தலைவனையும் பிள்ளைகளைக் கேட்டு நியமித்ததில்லை. அயர்லாந்தில் அன்றிருந்த ஆங்கிலக் கல்வி முறையைப் பியர்ஸ் 'கொலை இயந்திரம்' என்றே அழைத்து, அந்தப் பெயரிலேயே ஒரு பிரசுரமும் எழுதினார். பழைய ஐரிஷ் மரபில் ஆசிரியர் என்பவர் வளர்ப்புத் தந்தை, மாணவன் வளர்ப்புப் பிள்ளை என்று அதே பிரசுரத்தில் எழுதினார்.

ஐரிஷ் சொல்லிக்கொடுத்த மாலை வகுப்பு ஆசிரியைக்குத் தனி வணக்கம். பியர்ஸ் 1903 முதல் 1909 வரை ஆசிரியராக இருந்து நடத்திய வார இதழின் பெயர் 'ஒளி வாள்' என்று பொருள்படும். அதில் 'வாள்' என்ற சொல்லுக்கு அன்றைய எழுத்துக்கூட்டலில் பத்து எழுத்து. சொல்லிப் பார்த்தால் 'க்ளீவ்' என்று ஓரசையில் முடிந்துவிடும்! தமிழில் எழுதும்போது ஒலியைத்தான் பின்பற்ற வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். டொனிகால் விவசாயி ஒருவர் தன் வண்டியில் பெயரை ஐரிஷில் எழுதியதற்காக அபராதம் கட்ட நேர்ந்த கதையைச் சொன்னவரும் அவரே. 1905 இல் அந்த வழக்கில் கறுப்பு அங்கி போட்டு வாதாடியவர் பியர்ஸ். தோற்றுப்போனார். பாரிஸ்டர் பட்டம் இருந்தும் அந்தத் தொழிலில் அவர் நிலைக்கவில்லை.

1914 இல் வந்த அவருடைய பன்னிரண்டு ஐரிஷ் கவிதைகளின் தொகுப்புக்கு 'உறக்கப் பாடல்களும் துயரப் பாடல்களும்' என்று தலைப்பை மொழிபெயர்த்து வைத்திருந்தேன். மெய்ப்பு பார்த்த நண்பர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "ஏன் ஐயா, தாலாட்டும் ஒப்பாரியும் என்று எழுதினால் குறைந்தா போய்விடும்?" என்று ஓரத்தில் குறித்திருந்தார். இரண்டு நாள் வெட்கத்தில் அவரோடு பேசவில்லை. பழைய ஐரிஷ் இசை மரபில் தாலாட்டு, ஒப்பாரி, களிப்புப் பாட்டு என மூன்று வகை உண்டு. மூன்றாவது அந்தத் தலைப்பில் இல்லை.

அதே நண்பர்தான் சண்டை போட்டு ஓர் அத்தியாயத்தை எழுத வைத்தார். ஐரோப்பாவின் போர்க்களங்களில் சிந்திய இரத்தத்தைப் பியர்ஸ் 1915 இல் போற்றி எழுதியதை நான் நைசாகத் தாண்டிப் போயிருந்தேன். "பிள்ளைகளை வளர்த்தவர் இப்படியும் எழுதினார் என்பதைச் சொல்லாமல் விட்டால் நீர் எழுதியது வாழ்க்கை வரலாறு இல்லை, வாழ்த்துப்பா" என்றார். இப்போது அது நூலின் ஏழாம் அத்தியாயம். எனக்கு இன்னும் அதில் மனம் ஒப்பவில்லை, ஆனாலும் அவர் சொன்னது சரி.

பியர்ஸும் தம்பி வில்லியும் ஒரே நாளில் சுடப்பட்டதாக நான் எழுதியிருந்ததைப் பிடித்தவர் நூலகர் ஒருவர். வில்லி சுடப்பட்டது மறுநாள், மே 4. தாய் மார்கரெட்டுக்கு அந்த ஓர் இரவு என்னவாக இருந்திருக்கும் என்று அப்புறம்தான் யோசித்தேன். பிள்ளைகள் போன பிறகும் பள்ளியை விடாமல் நடத்தியவர் அந்தத் தாய். 1935 இல் அது மூடப்படும்போது அவர் உயிரோடு இல்லை.

தாகூரின் 'அஞ்சலகம்' நாடகமும் பியர்ஸின் 'அரசன்' நாடகமும் 1913 மே மாதம் டப்ளின் ஆபி அரங்கில் ஒரே மாலையில் மேடையேறின. இரண்டாவதில் நடித்தவர்கள் பியர்ஸின் மாணவர்கள். இதை எனக்குக் கடிதத்தில் எழுதிய கொல்கத்தா அன்பருக்கும் நன்றி. தாகூருக்கு நோபல் கிடைத்தது அதற்குப் பிறகு, நவம்பரில்.

கடைசியாக என் பேத்தி. ஐரிஷ் வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். "தாத்தா, எம்முக்குப் பக்கத்தில் எச் வந்தால் அது 'வ' ஆகிவிடும். இது கூடவா தெரியாது?" என்று உச்சரிப்புகளை எல்லாம் திருத்திக் கொடுத்தாள். 43 ஆம் பக்கத்தில் மட்டும் பழைய தவறு அப்படியே அச்சாகிவிட்டது. வந்த முதல் பிரதியில் அதை அவளே பென்சிலால் அடித்து 'க்ளீவ்' என்று எழுதி வைத்திருக்கிறாள். மற்ற பிரதிகளுக்கும் பென்சில் கேட்கிறாள்.