மவுண்ட் ரோட்டு மணிக்கூண்டும் பின்கட்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்ணா சாலையின் (அன்றைய மவுண்ட் ரோடு) பழைய கடைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், பி.ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடையின் கட்டடத்துக்கு 'அழகிய மணிக்கூண்டு' என்ற இரண்டே சொற்கள்தாம் கிடைத்திருந்தன. (பெயரில் உள்ள 'ஆர்' வெறும் முதலெழுத்து என்றே பலர் நினைக்கிறார்கள், 1840-களில் சென்னைக்கு வந்த பீட்டர் ஆர் என்ற கடிகாரக்காரரின் குடும்பப் பெயர் அது.)

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை வடிவமைத்த ராபர்ட் சிஸ்ஹோமே இந்தக் கடையையும் வடிவமைத்தார்; இரண்டுமே 1879-இல் முடிந்தவை. குவிமாடங்களும் வண்ணச் சித்திர வேலையுமாகச் செனட் ஹவுஸில் கைதாராளம் காட்டியவர், இங்கே கடைக்காரரின் தேவையறிந்து அடக்கி வாசித்திருக்கிறார். கூண்டை மட்டும் சாலையில் போகிறவர் கண்ணில் படும்படி உயர்த்தினார். அது ஒப்பனைக்காக அன்று. அந்தக் கடிகாரம் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தோடு இணைக்கப்பட்டிருந்ததால், ரயில்வே நாடெங்கும் கடைப்பிடித்த 'மெட்ராஸ் நேரம்' இந்தக் கடை வாசலிலேயே தெரிந்தது. 1906-இல் இந்தியத் திட்ட நேரம் வந்தபோது அந்தக் கடிகாரம் சுமார் 9 நிமிடம் முன்னே நகர்ந்தது. பிற்காலத்திலும் என் தந்தையார் பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்து, கைக்கடிகாரத்தின் திருகை நகத்தால் இழுத்து முள்ளைத் திருப்புவார்.

கட்டுரை விட்டுவிட்ட இன்னொன்றே என்னை எழுதத் தூண்டியது. மெட்ரோ ரயில் பணிக்காக இக்கட்டடத்தின் பின்புறத்துப் பழைய பகுதி இடிக்கப்பட்டது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. முகப்பு தப்பியதே என்று அப்போது ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. கடிகாரம் பழுதுபார்த்ததோடு, தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் 'ஸ்வாமி' வெள்ளி வேலைப்பாட்டுக்கும் பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் வரலாறு, வாடிக்கையாளர் நின்ற முன்கூடத்தில் மட்டுமா இருக்கும்? வீட்டின் திண்ணையை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை.

ஆகவே, பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிடும்போது முகப்புப் படத்தோடு நிறுத்தாமல், பின்கட்டு உட்பட முழுத் தரைப்படத்தையும் அரசு பதிவுசெய்ய வேண்டும். இடிந்த பகுதி எதுவரை இருந்தது என்று காட்டும் ஒரு பலகையையாவது அங்கே வைக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.