கூலிக்கு மாரடிப்பவர்கள்: லெக்சிங்டன் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

லெக்சிங்டனில் வாரம் தவறாமல் ஒரே ஹாலில் உட்கார்ந்து நம்ம ஊர் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து ஆட்டம் பார்க்கும் நம் கூட்டத்துக்கு,

வணக்கம். போன தடவை சாப்பிடும்போது நம்மில் ஒருவர் (பெயர் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்) டிரான்ஸ்பரில், அதாவது வேறு காலேஜ் அணியை விட்டு நம் அணிக்கு, வந்த பையன்களைப் பற்றி "இவனுங்க எல்லாம் கூலிக்கு மாரடிக்கிறவனுங்க, நம்ம பசங்களா இவனுங்க?" என்றார். பாதிப் பேர் ஆமாம் போட்டீர்கள். சாப்பாட்டு நேரத்தில் சண்டை வேண்டாமே என்று தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை.

அதைச் சொன்ன புண்ணியவான் ஆறு வருஷத்தில் மூன்று கம்பெனி மாறியவர். ஒவ்வொரு தடவையும் சம்பளம் ஏறிய சந்தோஷத்தில் நமக்கெல்லாம் பிரியாணி போட்டவர், நாமும் வெட்கமில்லாமல் சாப்பிட்டோம். நாற்பது வயசில் நாம் செய்தால் முன்னேற்றம், இருபது வயசுப் பையன் செய்தால் துரோகமா?

சரி, "நம்ம பசங்க" என்கிறீர்களே, அது யார்? கேலிபாரி 2009-இல் இருந்து 2024 வரை இங்கே கோச். அவர் காலத்துப் பெரிய பெயர்கள் பலரும் கோடையில் வந்து அடுத்த வசந்தத்தில் என்பிஏ-வுக்கு, அதாவது தொழில்முறை லீக்குக்கு, கிளம்பியவர்கள். 2012-இல் தேசியக் கோப்பை வாங்கித் தந்த ஆந்தனி டேவிஸ் இங்கே ஆடியது ஒரே ஒரு சீசன். அவர் படம் போட்ட டிஷர்ட்டை நம்மில் ஒருவர் இன்னும் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவரை யாராவது கூலிக்காரன் என்றோமா?

2024 ஏப்ரலை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. கேலிபாரி ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்துக்குக் கோச்சாகப் போனார். 1996-இல் இங்கே கோப்பை வென்ற அணியின் கேப்டன் மார்க் போப் கோச்சாக வந்தபோது, ஸ்காலர்ஷிப் பையன்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் மாதிரி இருந்தது. அந்த வெறும் மண்டபத்தில் அவர் உட்கார்ந்து ஆள் சேர்த்தார். சான் டியேகோ ஸ்டேட்டில் இருந்து லமான்ட் பட்லர், டேட்டனில் இருந்து கோபி ப்ரே, வேக் ஃபாரஸ்ட்டில் இருந்து ஆண்ட்ரூ கார், ட்ரெக்சலில் இருந்து அமாரி வில்லியம்ஸ், ஓக்லஹோமாவில் இருந்து ஒடேகா ஓவே. ஜாக்சன் ராபின்சனுக்கு இது நாலாவது காலேஜ். அந்தப் பட்டியலைப் பார்த்து நானும் உதட்டைப் பிதுக்கியவன்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் டிசம்பர் 14, நம் சொந்த அரங்கமான ரூப் அரினா, பக்கத்து ஊர்ப் பரம எதிரி லூயிவில்லோடு ஆட்டம். பட்லர் பத்து ஷாட் எடுத்தார், பத்தும் உள்ளே. அதில் ஆறு மூன்று புள்ளி ஷாட். மொத்தம் 33. ஏழாவது ஷாட்டுக்கு அப்புறம் நம் ஹாலில் யாரும் பேசவில்லை, ஒரு குழந்தை அழுததைக்கூட யாரும் கவனிக்கவில்லை (என் குழந்தைதான்). லூயிவில்லை அடிப்பது இந்த ஊரில் எப்படிப்பட்ட விஷயம் என்று அந்தக் கலிஃபோர்னியா பையனுக்கு ஆறு மாசத்தில் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஓவேயைப் பாருங்கள். பிப்ரவரியில் தன் பழைய காலேஜான ஓக்லஹோமா ஊருக்கே போய், கென்டக்கியின் கடைசி 18 புள்ளிகளையும் தானே போட்டு, ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கவைத்தார். இரண்டு வாரம் கழித்து நம் லீக்கான எஸ்இசி-யின் டோர்னமென்டில் அதே ஓக்லஹோமாவை, அதே ஒரு புள்ளியில், கடைசி நொடி ஷாட்டில் வீட்டுக்கு அனுப்பினார். கூலிக்கு மாரடிப்பவன் இப்படியா அடிப்பான்?

பட்லருக்குத் தோள் போனது, ராபின்சனுக்கு மணிக்கட்டு போய் சீசனே முடிந்தது. அப்படியும் தேசியப் போட்டியில் கடைசி பதினாறு அணிகள் வரை போனோம். அங்கே டென்னசியிடம் 78-65 தோற்றோம், லீக்கில் இரண்டு தடவை நாம் அடித்த அதே டென்னசி. அது இன்னும் வலிக்கிறது, இப்போது வேண்டாம்.

உங்கள் பேச்சில் நியாயம் இருக்கும் ஒரு இடம் டிராவிஸ் பெர்ரி. கென்டக்கி பள்ளி வரலாற்றிலேயே அதிகப் புள்ளி எடுத்த பையன். 2024 மாநில இறுதி ஆட்டத்தில், ரூப் அரினாவிலேயே, அவருடைய லையன் கவுன்டி ஜெயித்தது. எதிரே தோற்றது ஹார்லன் கவுன்டி, அதில் ஆடியவர் டிரென்ட் நோவா. இரண்டு பேரும் சேர்ந்தே கென்டக்கிக்கு வந்தார்கள். ஒரு வருஷம் முடிந்ததும் பெர்ரி மிசிசிப்பிக்குப் போய்விட்டார், நோவா இருந்துவிட்டார். பெர்ரி போன செய்தி வந்த அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை. ஆனால் அவரை விரட்டியதில் நமக்கும் பங்கு உண்டு. அவர் ஒரு பாஸைத் தப்பாகக் கொடுத்தால் "இவன் இந்த லெவல் இல்லப்பா" என்றோம். அதே மூச்சில், காலேஜ் மாற விரும்பும் பையன்களின் பட்டியலான போர்ட்டலில் பந்தை நடத்துகிற எந்த ஆட்டக்காரன் கிடைப்பான் என்று போனைத் தடவினோம். 18 வயசுப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து வளர வேண்டும் என்றால், வளரும் வரை பொறுக்கிற ஊர் வேண்டாமா?

பழைய விதியே தேவலை என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பெல்லாம் காலேஜ் மாறினால் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் ஒரு தடவை மட்டும் உடனே ஆடலாம் என்று தளர்த்தினார்கள். வழக்கு, கோர்ட் என்று போய், 2024-இல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இத்தனை வருஷமும் கோச்சுகள் மட்டும் ஒரு நாள்கூட உட்காராமல் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2025 பிப்ரவரி 1 அன்று கேலிபாரி ஆர்க்கன்சாவோடு ரூப் அரினாவுக்கு வந்தபோது அரங்கமே ஊளையிட்டது, நாமும்தான். அவர் 89-79 என்று அடித்துவிட்டு அமைதியாகப் போனார். அவரோடு கிளம்பிப்போன நம் பையன்களும் அந்த அணியில்தான் இருந்தார்கள்.

அணி கட்டுவது பற்றிப் பேசுவதென்றால் 2025-இல் கோப்பை வாங்கிய ஃப்ளோரிடாவைப் பார்த்துப் பேசுவோம். வால்டர் கிளேட்டன் ஐயோனாவில் இருந்து வந்தவர், வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டில் இருந்து, அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லான்டிக்கில் இருந்து. ஆனால் கிளேட்டனுக்கு அது அங்கே இரண்டாவது வருஷம், ரிச்சர்டுக்கு மூன்றாவது. வந்தவர்கள் தங்கினார்கள். நாம் சண்டை போடவேண்டியது அதற்குத்தான். காலேஜே பையன்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்று 2025 ஜூனில் கோர்ட் ஒப்புக்கொண்டாயிற்று. முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர், அதிலும் பெரிய பங்கு அமெரிக்கன் ஃபுட்பாலுக்குப் போகும். மிச்சத்தில் புதுப் பெயர் ஐந்தைப் பிடிப்பதைவிட, ஏற்கனவே நம் ஆட்டம் தெரிந்த இரண்டு பேரைத் தக்கவைக்கச் சொல்லி ஏன் ஒருத்தரும் கத்துவதில்லை? சீசன் முடிந்து பையன்கள் காலேஜ் மாறும் ஏப்ரல் வந்தால் நம் ஹால் மாட்டுச் சந்தை ஆகிவிடுகிறது. பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் பாக்கி.

அடுத்த ஆட்டம் என் வீட்டில். சுண்டலும் மசால் வடையும் உண்டு, இரண்டாவது பாதி தொடங்குமுன் டீ வரும். கூலிக்கு மாரடிக்கிறவன் என்று யார் வாயில் இருந்து வருகிறதோ, அன்றைக்குப் பாத்திரம் முழுக்க அவர்தான் தேய்க்க வேண்டும். நோவா உள்ளே வந்து முதல் ஷாட்டைத் தவறவிடும்போது முனகுகிறவர்களுக்கும் அதே தண்டனை.

இப்படிக்கு,
சமையலறைக்கு ஓடிப்போனவன்