அந்த அரை ஏக்கரை விதைக்காமல் வைத்திருக்கிறேன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ஏழு பக்கத்தையும் தம்பி அச்செடுத்துக் கொண்டுவந்து தந்தான். இரண்டு தரம் வாசித்தேன். உங்கள் அமைப்பு இங்கே கிளிநொச்சியில் "இரசாயனம் அற்ற கிராமம்" ஒன்றைத் தொடங்கப் போகிறது, அதற்கு இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற பத்துக் கமக்காரரைச் சேர்த்துத் தரவேண்டும் என்று கேட்டிருக்கிறாய். போனில் பேசினால் நீ ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, கடைசியில் அம்மா போனை வாங்கி "சாப்பிட்டியா" என்று கேட்கத் தொடங்கிவிடுவா. அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டும் இந்த மண்ணை நினைக்கிறாயே, அது எனக்குப் பெருமை. ஆனால் அந்தப் பத்துப் பேரின் படலையைத் திறந்துகொண்டு போய்க் கேட்க எனக்கு வாய் வராது பிள்ளை. ஏன் என்று சொல்ல, 2021க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் மே 6ஆம் திகதி, ஜனாதிபதி கோட்டாபயவின் அரசாங்கம் போட்ட வர்த்தமானி அறிவித்தல் வந்தது. இரசாயனப் பசளையும் கிருமிநாசினியும் இனி நாட்டுக்குள் இறக்க முடியாது என்றார்கள். தேர்தல் நேரம் சொன்னது, பத்து வருடத்தில் மெல்ல மெல்ல, எரு மாதிரியான சேதனப் பசளைக்கு மாறுவோம் என்று. வந்தபோது ஒரே நாளில் வந்தது. அநுராதபுரம், பொலனறுவைப் பக்கத்துச் சிறுநீரக நோயைக் காரணமாகச் சொன்னார்கள். அந்த நோய் பொய்யில்லை, அங்கே குடும்பம் குடும்பமாகச் செத்திருக்கிறார்கள். ஆனால் அது எதனால் வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறவர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பசளைக்கு வருடத்துக்கு 40 கோடி டொலர் போகிறது என்றும் சொன்னார்கள். டொலர் தீர்ந்துபோனது எங்கள் சந்தியில் தேநீர்க் கடை வைத்திருக்கிறவருக்கும் தெரிந்த விசயம்தான்.

ஐப்பசிக் கடைசியில் நீ கிளாஸ்கோவில் நின்றாய். காலநிலை மாநாட்டுக்குக் கோட்டாபய வருகிறார் என்று எங்கள் சனம் ஸ்கொட்லாந்துக் குளிருக்குள் திரண்டபோது நீயும் பதாகை பிடித்துக்கொண்டு நின்ற படத்தை அனுப்பியிருந்தாய். அம்மா அதைப் பார்த்துவிட்டுக் காதை மூடவில்லையே பிள்ளை என்று கவலைப்பட்டா. கோட்டாபய அங்கே நைதரசன் பற்றிய ஒரு கூட்டத்தில் இந்தத் தடையைப் பெருமையாக எடுத்துச் சொன்னார். அன்றிரவு நீ எனக்குப் போனில் சொன்னாய்: "அப்பா, அந்த மனிசன் செய்ததில் இது ஒன்றுதான் சரி." நான் அப்போதுதான் வயலால் வந்து, காலில் சேறு காயாமல் திண்ணையில் இருந்தேன். பதில் சொல்லத் தெரியவில்லை. "சரி பிள்ளை" என்று வைத்துவிட்டேன். அந்தச் "சரி" இன்றைக்கு வரைக்கும் எனக்குள் கிடக்கிறது.

அன்று வயலில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். விதைத்து ஐந்தாம் கிழமை. அந்த நேரம் பயிர் கரும்பச்சையாகி, அடியிலிருந்து பக்கத் தளிராக மட்டம் வெடித்து, வயலில் தண்ணீர் தெரியாமல் மூடியிருக்க வேண்டும். வரம்பில் நின்று பார்த்தால் தண்ணீர்தான் தெரிந்தது. இடையிடையே வெளிறிய மஞ்சள். அடி இலைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. ஒரு தூரைப் பிடுங்கிக் கழுவிப் பார்த்தேன். வேர் வெள்ளை வெளேரென்று நன்றாக இருந்தது. நாலைந்து மட்டம் வரவேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று நின்றது. பக்கத்து வயல்காரர் வரம்பால் வந்து என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பிப் போனார். அவருடைய வயலும் அப்படித்தான்.

நீ கேட்பாய், சேதனப் பசளை போட்டிருக்கலாமே என்று. கணக்கைப் பார். ஒரு அந்தர் யூரியா 50 கிலோ. அதில் பயிருக்கு வேண்டிய நைதரசன் 46 வீதம், அதாவது 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் நைதரசன். ஒன்று என்று வைத்தால், ஒரு மூட்டை யூரியாவுக்குச் சரியாக 2,300 கிலோ கூட்டெரு வேண்டும். அதுவும் போட்ட உடனே பயிருக்குக் கிடைக்காது. மண்ணுக்குள் உக்கி, கொஞ்சம் இந்தப் போகத்துக்கும் மிச்சம் அடுத்தடுத்த போகங்களுக்குமாகத்தான் இறங்கும். ஒருவர் ஒரு ஏக்கருக்கு ஆட்டெருவும் மாட்டெருவும் தேடி எடுப்பார். ஒரு நாடு முழுவதும் ஒரே போகத்தில் தேடினால் அவ்வளவு மாடு எங்கே இருக்கிறது? எங்களுக்குச் சேதனப் பசளை என்று வந்த மூட்டையைப் பிரித்துக் கொட்டினேன். சல்லிக் கல்லும் பொலித்தீன் துண்டும் உக்காத தென்னந்தும்பும். இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் என்று ஒரு திரவம் போத்தலில் வந்தது. சீனாவிலிருந்து பசளைக் கப்பல் வந்தபோது அதில் கிருமி இருக்கிறது என்று இறக்கவிடவில்லை. பிறகு அந்தக் கப்பலுக்காகவே 67 இலட்சம் டொலர் கட்டவேண்டி வந்தது. டொலரை மிச்சம் பிடிக்கத்தானே தடை போட்டார்கள்!

அந்தக் கார்த்திகை மாதம் முடிய முதலே தடையை எடுத்துவிட்டார்கள். பயிருக்கு அது பிந்திப்போன செய்தி. ஏக்கருக்கு 28 மூட்டை கண்ட வயலில் 11 மூட்டை வெட்டினேன், அதிலும் பதர். நாடு முழுவதும் அந்தப் பெரும்போகத்து நெல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அடுத்த வருடம் யூரியா வந்தபோது, 1,500 ரூபாய்க்கு வாங்கிய அந்தர் 40,000 வரைக்கும் போனது. அம்மாவின் காப்பு இரண்டும் அப்போதுதான் அடகுக்குப் போயின. உனக்குச் சொல்லவேண்டாம் என்று அம்மா சொன்னதால் சொல்லவில்லை. இப்போது மீட்டாயிற்று, அதனால் சொல்கிறேன். 2022 வைகாசியில் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் அரிசி வந்தது. நன்றியோடுதான் நினைக்கிறேன். ஆனால் நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு நிவாரண அரிசிக்குப் பெயர் பதிந்துவிட்டு வந்த அன்று, அம்மா சுளகை எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தா.

உன் நாலாம் பக்கத்தைப் பற்றியும் பேச வேண்டும். "குறைந்த சக்தியில் நிறைவாக வாழ்ந்த சமூகம்" என்று எங்கள் 90களை உதாரணம் காட்டியிருக்கிறாய். ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுற்றிக் கேட்ட றேடியோ, மின்சாரம் இல்லாத பள்ளிக்கூடம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது அதிசயமாகத்தான் இருக்கும். நீ அப்போது பிறக்கவில்லை.

அது போர்க்காலத்தில் அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடை, பிள்ளை. யூரியா வெடிமருந்தாகும் என்று, வவுனியாவுக்குக் கிட்ட இருந்த தாண்டிக்குளம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் விடவில்லை. மண்ணெண்ணெய், பற்றறி, சீமெந்து, மெழுகுதிரி எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரியை நிறுத்துவோம். அந்த வெளிச்சத்தில் புத்தகத்தை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் படித்தார்கள் பிள்ளைகள். தண்ணீர்ப் பம்புக்கு எண்ணெய் இல்லாமல் போனது. என் அப்பா கைவிட்ட கிணற்றுத் துலாவை நான் திரும்ப மிதித்தேன். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடித்து ஊற்ற ஒருவர், பாத்திக்குத் தண்ணீர் மாற ஒருவர். பம்ப் இரண்டு மணித்தியாலத்தில் முடிக்கிற வேலைக்கு மூன்று பேர் விடியப்புறம் தொடங்குவோம். தண்ணீர் மாறுகிற வேலை உன் சின்னமாமாவுக்கு. அவன் அந்த வருடம் பள்ளிக்கூடம் போனதே குறைவு. உள்ளங்காலில் துலா மரம் போட்ட காய்ப்பு எனக்கு இப்போதும் இருக்கிறது, வந்தால் பார்.

கெட்டித்தனம் அதற்குள் இருந்தது, மறுக்க மாட்டேன். இல்லாத இடத்தில் மனிதர் எதையாவது கண்டுபிடிப்பார்கள். ஆனால் பாதை திறந்து மண்ணெண்ணெய் வந்த அன்றைக்கே எல்லா வீட்டிலும் பம்ப் ஓடியது. துலா வேண்டும் என்று ஒருவரும் நிற்கவில்லை. எங்களிடமிருந்து பறித்ததை, நாங்கள் வேண்டாம் என்று விட்டதாக நீங்கள் எழுதக் கூடாது. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடு, அப்பா கேட்கிறேன்.

அப்பா பசளைக் கம்பனிக்காரர் மாதிரிப் பேசுகிறார் என்று நினைக்காதே. உன் அம்மாவின் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் எனக்குத் தெரியாததா? யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே கொட்டுவதெல்லாம் மழையோடு நேரே கிணற்றுக்குப் போய்விடும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் யூரியாவை அள்ளி அள்ளி எறிந்தோம். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருந்தால் குடிக்கக் கூடாது, கைக்குழந்தைக்கு ஆகவே ஆகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே எத்தனையோ தோட்டக் கிணறுகள் அந்த அளவைத் தாண்டிவிட்டன. 1962 தொடக்கம் பசளைக்கு மானியம் கிடைத்தது. மலிவாகக் கிடைத்தது, அளவு பார்க்கவில்லை. அது எங்கள் பிழை.

தடை என்றாலே எனக்கு ஆகாது என்றும் இல்லை. என்னோடு ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் ஒரே வாங்கில் இருந்து படித்தவன், வீட்டில் ஒரு சின்னச் சண்டைக்குப் பயிருக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டான். அடுத்த நாள் மனம் மாறி, என்னைக் காப்பாற்றுங்கோ என்று கேட்டுக் கேட்டுத்தான் செத்தான். அப்படி எத்தனை வீடு. 1995இல் சில மருந்துகளை நிறுத்தினார்கள். 98இல் எண்டோசல்பான் என்ற பூச்சி மருந்தை நிறுத்தினார்கள். 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட் என்ற களைகொல்லியையும் இன்னும் இரண்டையும் படிப்படியாக நிறுத்தினார்கள். மனிதரைக் கொல்கிற மருந்து எது என்று ஆஸ்பத்திரிக் கணக்கைப் பார்த்து, அதை மட்டும் எடுத்தார்கள். பூச்சிக்கும் களைக்கும் வேறு மருந்து கடையில் இருந்தது. நாட்டில் தற்கொலை வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது, நெல்லும் குறையவில்லை. நாங்கள் ஒருவரும் தெருவுக்கு வரவில்லை. அந்தத் தடையைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

உன் ஏழு பக்கத்தில் நான் தேடிய ஒரு வரி கிடைக்கவில்லை. முதல் போகம் விளைச்சல் விழுந்தால் அந்த நட்டம் யாருக்கு? பத்துப் பேரில் நாலு பேர் குத்தகைக்குச் செய்கிறவர்கள். ஒருவர் கணவனை இழந்த பெண், மூன்று பிள்ளைகள். வங்கிக்காரன் சேதன நெல் என்று வட்டியைக் குறைக்க மாட்டான். உங்கள் அமைப்பில் சம்பளம் விளைச்சலைப் பார்த்துக் கொடுபடுவதில்லை. எங்களுக்கு அப்படித்தான் கொடுபடுகிறது. நீங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறீர்கள். வர்த்தமானி எழுதியவர்களும் நல்லதுக்கென்றுதான் சொன்னார்கள். இரண்டு தரமும் எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

அதனால் பத்துப் பேரை விடு. என்னுடைய வயலில், வாய்க்கால் ஓரத்து அரை ஏக்கரைத் தருகிறேன். அங்கே எங்கள் பழைய நெல்லினமான மொட்டைக்கறுப்பன் போடுவோம். இப்போது எல்லாரும் போடுகிற கட்டையான பீஜீ என்ற புது நெல்லினம் யூரியாவைத் தின்று விளையவென்று உண்டாக்கியது, யூரியா இல்லாவிட்டால் அதன் விளைச்சல் விழுந்துவிடும். மொட்டைக்கறுப்பன் அப்படியில்லை. உயரமாக வளரும், யூரியா போட்டால்தான் அது சாய்ந்துவிடும். விளைச்சல் குறைவு, ஆனால் யாழ்ப்பாணச் சந்தையில் நல்ல விலை போகும். மிச்ச நிலத்துக்கு நான் உன்னிடம் கேட்பது வேறு. நெல் இலையின் நிறத்தோடு வைத்துப் பார்த்து, யூரியா வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிற பச்சை அட்டை ஒன்று இருக்கிறதாம், பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியது. அது ஒரு பத்தும், எங்கள் பத்து வயலின் மண்ணையும் பரிசோதிக்க ஒரு வழியும் செய்து தா. யூரியாவில் கால்வாசி மிச்சம் பிடிக்கலாம் என்று கண்ணால் கண்டால், கேட்காமலே எல்லாரும் வருவார்கள். நானே கூட்டிக்கொண்டு வருவேன்.

அரை ஏக்கருக்கு ஆட்டெரு சொல்லி வைத்துவிட்டேன். கிளிசரியாக் குழையும் வேலியில் நிறைய நிற்கிறது, வெட்டித் தாழ்க்கலாம். விதைநெல் சாக்கில் கட்டி உன் அறைக்குள்தான் இருக்கிறது, எலிக்குப் பயந்து அம்மா உன் மேசைக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறா. மற்ற வயலெல்லாம் இந்தக் கிழமை விதைத்துவிடுவேன். அந்தத் துண்டை மட்டும் ஐப்பசி பத்து வரைக்கும் வைத்திருக்கலாம், அதற்குப் பிறகு மழை இறங்கினால் உழவு மெசின் புதையும். நீ வருகிற திகதியைத் தம்பிக்குச் சொல். மெசின்காரரிடம் ஒரு நாள் சொல்லிப் பிடித்து வைக்க வேண்டும்.

அன்புடன்
அப்பா