பங்கு பிரிக்காத காசு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹார்ட்கோர் பங்க் என்ற அந்த அதிவேக, அதிரடி ராக் இசை என்றால் பெரியவர்களை மதிக்காத பையன்களின் கூச்சல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே, அதற்குப் பதில் எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

1980, அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். டீன் ஐடில்ஸ் என்று பள்ளிக்கூடத்துப் பையன்களின் குழு ஒன்று. வாசித்துச் சேர்த்தது சுமார் 600 டாலர். குழு கலைகிறது. திருவிழாக் கச்சேரிக் காசுக்கு நீயும் பாலாஜியும் போட்ட சண்டையை நினைத்துக்கொள்! இவர்கள் பங்கு பிரிக்கவில்லை. அதை அப்படியே போட்டு ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனம் பிறந்தது. உறையை வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டியதும் அவர்களேதான். அட்டைப்படத்தில் கறுப்பாகப் பெருக்கல் குறி போட்ட கைகள். ‘குடிக்க வயதில்லை, மது கொடுக்காதே’ என்று கிளப் வாசலில் போடும் குறி அது. பாட்டுக் கேட்க உள்ளே விட்டால் போதும் என்று அதை விரும்பிப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த வருஷம் அதே குழுவிலிருந்த இயன் மெக்காய், மைனர் திரெட் குழுவில் ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ பாடினார். குடி, போதை எதுவும் வேண்டாம் என்று 46 விநாடிப் பாட்டு.

அமெரிக்க ஜனாதிபதி ரீகன் மேடைக்கு மேடை குடும்பம், உழைப்பு என்று பேசிய காலம். அவரைத் திட்டிப் பாடிய கூட்டத்திலிருந்துதான் இவர்களும் வந்தார்கள். அந்த நாட்டை நிறுவியவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் எழுதிவைத்த 13 நற்பண்புகளில் முதலாவதே உணவிலும் குடியிலும் அளவு. சிக்கனமும் உழைப்பும் பின்னாலேயே வருகின்றன. அதை நடத்திக் காட்டியது யார், சொல்! மெக்காயின் பிந்தைய குழுவான ஃபுகாசி, பெரும்பாலும் 5 டாலர் டிக்கெட்டுக்குத்தான் வாசித்தது. கூட்டத்தில் அடிதடி செய்தவனுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்பியது.

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. 1990களில் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், அந்தப் பாட்டின் வழியில் குடி, போதை வேண்டாம் என்று இதே குறியைப் போட்டுக்கொண்டவர்களில் சிலர், குடித்தவனையும் புகைத்தவனையும் அடித்தார்கள். நான் இயக்கம் எதுவும் தொடங்கவில்லை என்று மெக்காய் சொல்லிக்கொண்டேதான் இருந்தார், யார் கேட்டார்கள்? தன் ஒழுக்கத்தை அடுத்தவன் மேல் திணிப்பதும் அந்த நாட்டுப் பழைய குணம்தான். 1920இல் நாடு முழுக்க மதுவிலக்குப் போட்டவர்கள் ஆயிற்றே. இப்படித் திணிக்கிற பாதியை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அப்புறம், பாட்டை அனுப்புகிறேன். முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு. தங்கை கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிடுவேன். பந்திப் பொறுப்பைப் பாலாஜியிடம் விடாதே.

அன்புடன்,
முரளி