பேதிக்கு முதலில் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கைக்குழந்தைக்குப் பேதி என்று மருந்துக்கடையில் போய் நின்றால் எங்கள் பக்கம் புரோபயாட்டிக் (குடலுக்கு நல்லது செய்யும் என்று தரும் நுண்ணுயிர்கள்) பொடியைத்தான் முதலில் எடுத்துத் தருகிறார்கள், ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை நாமாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இது சரியில்லை. 3 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகளிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி 2018இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், அங்கே சோதித்த புரோபயாட்டிக் வகைகள் மருந்தே இல்லாத வெறும் பொடியைவிட அதிகப் பலன் தரவில்லை.

அப்புறம் ஸ்மெக்டைட் என்ற களிமண் மருந்து. குடலில் இருப்பதை உறிஞ்சிப் பேதி நாட்களைக் கொஞ்சம் குறைக்கலாம், உண்மைதான். ஆனால் களிமண்ணில் இயற்கையாகவே சிறிது ஈயம் இருக்கக்கூடும் என்பதால், 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இனி வேண்டாம் என்று அது பல காலம் சாதாரணமாகப் புழங்கிய பிரான்சிலேயே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் சொல்லிவிட்டது.

குழந்தையின் உயிருக்கு ஆபத்து உடம்பு வற்றிப்போவதால்தான் வருகிறது. 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுதாக 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, வாந்தி எடுத்தாலும் சற்றுப் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே ஜிங்க் மருந்து 10 முதல் 14 நாள், 6 மாதத்துக்குமேல் என்றால் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் நிறுத்தச் சொல்கிறார்கள்!

மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், சிறுநீர் குறைவு, துவண்டுபோவது, இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு தாய்,
திருநெல்வேலி