பங்கு இறையழைத்தல் ஆதரவுக் குழு: 2024-25 ஆண்டறிக்கை

பங்குத்தந்தை அவர்களே, தலைவர் ஐயா, உறுப்பினர்களே, வணக்கம்.

ஆண்டுத் தொடக்கத்தில் நம் பங்கிலிருந்து குருமடத்தில் குருவாகப் படிக்கும் பிரதர்கள் மூவர் இருந்தார்கள். இப்போது இருவர். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏப்ரல் 21, நல்லாயன் ஞாயிறு. இறையழைத்தலுக்காக, அதாவது குருத்துவ, துறவற வாழ்வுக்கான அழைப்புக்காக, 1964 முதல் திருச்சபை முழுவதும் செபித்து வரும் நாள். அன்று திருப்பலி முடிந்ததும் இட்லிக் கடை போட்டோம். செலவு போக 8,460 ரூபாய் நின்றது. சந்தாவை 22 பேரில் 18 பேர் முழுதாகக் கட்டினார்கள். மற்ற நால்வரின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

போன ஆண்டு வரை நாமாகவே யோசித்துப் பொருள் வாங்கிக் கொடுத்தோம். ஒரு பிரதரிடம் பதினோரு துண்டு சேர்ந்துவிட்டது! குருமாணவர்களுக்கு உதவும் திருத்தூதர் பேதுரு சங்கம் தொடங்கிய கதையைப் பங்குத்தந்தை நமக்குச் சொன்னார். பணமில்லாததால் குருமாணவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது என்று நாகசாகி ஆயர் கடிதம் எழுத, 1889இல் பிரான்சின் கான் நகரில் ஸ்டெபனி பிகார்டும் அவர் தாயும் அதைத் தொடங்கினார்களாம். தேவை இன்னதென்று தெரிந்துகொண்டு இறங்கியவர்கள். சரி, நாமும் கேட்டுவிடுவோம் என்று பிரதர்களிடமே கேட்டோம். ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி. இன்னொருவர் தமிழ்வழியில் படித்தவர். வகுப்பில் ஆங்கிலம் புரியவில்லை என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மே மாதம் முழுக்கத் தினமும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அப்புறம், மூத்த பிள்ளை குருமடம் போனால் வீட்டில் ஒரு சம்பளம் குறைகிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அப்படி ஒரு வீட்டில் ஒழுகிய கூரையை, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையாரோடு சேர்ந்து மாற்றினோம்.

மூன்றாமவர் களப்பணி ஆண்டில் திரும்பி வந்துவிட்டார். மெய்யியல் மூன்று, களப்பணி ஒன்று, இறையியல் நான்கு என்று பயிற்சி இத்தனை ஆண்டு நீள்வதே, இது தன் அழைப்புதானா என்று பார்க்கத்தானே? ஆனாலும் அவர் அம்மா இரண்டு மாதம் கோயிலுக்கு வரவில்லை. ஊர் வாய் அப்படி. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா என்று நம் கூட்டத்திலேயே ஒரு குரல் எழுந்தது, பதிவேட்டில் இருக்கிறது. கேட்பதில்லை என்று முடிவானது. அவருடைய பி.எட். விண்ணப்பக் கட்டணத்தையும் குழு நிதியிலிருந்தே கொடுத்தோம், ஒரு வாக்கு எதிராக. இப்போது ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறார். அம்மாவும் வருகிறார்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். ரசீதுப் புத்தகம் என் கையில்தான் இருக்கிறது. அந்த நால்வரும் போகும்போது என்னைப் பார்க்கவும்.

செயலாளர்