சாண எரிவாயுக் கலனில் இருந்து வரும் ஸ்லரியை வாழைக்கும் வயலுக்கும் கொண்டுசேர்க்க வழி செய்யக் கோரி மனு

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

அனுப்புநர்
மாடு வளர்த்து வாழையும் மரச்சீனியும் போடும் சிறு விவசாயிகள்,
கல்குளம், திருவட்டாறு வட்டங்கள்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

குறைதீர்க்கும் நாளில் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் இதைச் சொல்லி முடியாது, அதனால் எழுதியே தருகிறோம்.

எங்களில் பலர் வீட்டில் கோபர் கேஸ் இருக்கிறது. அடுப்பு நன்றாகவே எரிகிறது, அதில் குறை இல்லை. ஆனால் பார்வையிட வந்தவர்கள் எல்லாம் கேஸ் எரிகிறதா என்று பார்த்து, ஒரு போட்டோ எடுத்துவிட்டுப் போனார்களே தவிர, மறுபக்கம் வருகிற ஸ்லரியை, அதாவது கேஸ் போனபின் மிஞ்சும் சாணிக் கரைசலை, எங்கே விடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. 2 கனமீட்டர் கலனுக்கு நாலைந்து மாட்டுச் சாணி, தினமும் சுமார் 50 கிலோ வேண்டும், அதே அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து ஊற்றுகிறோம். கேஸாகப் போவது கொஞ்சம்தான். ஏறக்குறைய 100 லிட்டர் ஸ்லரி அன்றன்றைக்கு வெளித்தொட்டியில் வந்து நிற்கும், மாதத்துக்கு 3000 லிட்டர். 10 சென்டில் வீடும் தொழுவமும் வைத்திருப்பவர் அதை எங்கே கொண்டுபோய் ஊற்றுவார்?

குழியில் விட்டுக் காயவைத்து அள்ளுங்கள் என்பார்கள். மழை குறைந்த ஊருக்கு அது சரி. நமக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஒன்று, துலாமழை (வடகிழக்குப் பருவமழை) ஒன்று. ஜூன் மாதம் குழி நிரம்பி, கறுப்பாக நுரை கட்டி, பக்கத்து வீட்டு முற்றத்து ஓரமாக ஓடையில் இறங்குகிறது (அந்த வீட்டு அக்காவிடம் நாங்கள் வாங்கும் ஏச்சை இங்கே எழுத முடியாது), ஓடையில் இருந்து குளத்துக்குப் போகிறது. வாழை தின்ன வேண்டிய சத்தை ஆகாயத்தாமரை தின்று கொழுக்கிறது. வெயில் அடித்துக் காய்ந்தாலும் நஷ்டம்தான், தழைச்சத்தில் ஒரு பங்கு அமோனியாவாக ஆவியாகிப் போய்விடும்.

இத்தனைக்கும் இது நல்ல வளம். கலனுக்குள் சாணி நொதிக்கும்போது அதில் உள்ள கார்பனில் ஒரு பகுதிதான் கேஸாகப் போகிறது, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் பெரும்பாலும் ஸ்லரியிலேயே தங்கிவிடும். தழைச்சத்தில் ஒரு பகுதி பயிர் உடனே எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கும் மாறியிருக்கும். பச்சைச் சாணியில் வருகிற நாற்றமும் ஈயும் இதில் குறைவு, களை விதையும் பெரும்பாலும் செத்துவிடும். வாழை மூட்டில் இருந்து ஒரு முழம் தள்ளிச் சாலெடுத்து, ஸ்லரிக்குச் சம அளவு தண்ணீர் கலந்து ஊற்றி, உடனே மண்ணும் சருகும் போட்டு மூடினால் மண் பொலபொலவென்று ஆகிறது. சத்தை நிறுத்திவைக்காத எங்கள் செம்மண் விளைக்கு (தோட்டத்துக்கு) வேறென்ன வேண்டும்?

அதற்காக யூரியாவைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. ஆயிரம் லிட்டர் ஸ்லரியில் தழைச்சத்து சுமார் 1 கிலோதான் இருக்கும், மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். 266 ரூபாய் 50 காசுக்கு வாங்கும் 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. அதை ஸ்லரியில் எடுக்க 20,000 லிட்டர் சுமக்க வேண்டும். வாழைக்குப் பொட்டாஷும் தனியாக வைத்தே ஆக வேண்டும். ஆக, பிரச்சினை சுமப்பதில்தான் இருக்கிறது. தலைச்சுமையாகப் பத்து வாழைக்கு ஊற்றலாம், ஒரு விளைக்கு ஊற்ற முடியாது.

அதனால் முதலாவதாகக் கேட்பது வண்டி. வேளாண் பொறியியல் துறை டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்குத் தருகிறதே, அதே முறையில் உறிஞ்சும் மோட்டார் வைத்த சின்ன டேங்கர் ஒன்றை வட்டாரத்துக்கு ஒன்றாவது தாருங்கள். பெரிய லாரி எங்கள் இடவழிகளில் நுழையாது, ஆயிரம் லிட்டர் பிடிக்கும் மினி வண்டி போதும். ஸ்லரி மிஞ்சுகிற வீடும் வாழை வைத்திருப்பவரும் பெரும்பாலும் ஒரே ஊராட்சிக்குள்தான் இருக்கிறார்கள்.

அப்புறம், கலனுக்கு மானியம் கொடுக்கும்போதே மழை நனையாத, கூரை போட்ட இரட்டைக் குழிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், ஏற்கெனவே கட்டியவர்களுக்கும்தான். ஒரு குழி நிரம்பும்போது மற்றதில் சருகும் வாழைத்தண்டும் போட்டு மக்கவைக்கலாம்.

மத்திய அரசு 2023-இல் கோபர்தன் (சாணியிலும் கழிவிலும் இருந்து எரிவாயு எடுக்கும் திட்டம்) ஆலைகளின் இயற்கை உரத்துக்கு டன்னுக்கு 1500 ரூபாய் சந்தை உதவித்தொகை அறிவித்தது. அது ஆலைகளுக்கு. ஐந்து மாட்டுக்காரனுக்கு அதில் எதுவும் இல்லை. மாவட்ட நிதியில் இருந்து போக்குவரத்துச் செலவையாவது ஏற்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

பன்றிப் பண்ணை, கோழிப் பண்ணைக் கழிவில் கலன் வைப்பவர்களின் ஸ்லரியை மட்டும் சோதிக்காமல் வயலுக்கு விடக் கூடாது. தீவனத்தில் சேர்க்கும் தாமிரமும் துத்தநாகமும் அதில் வரும், வருசக்கணக்கில் ஊற்றினால் மண்ணில் சேரும். சாதாரணச் சூட்டில் நொதிக்கும் கலனில் கிருமி எல்லாம் செத்துவிடாது, பச்சையாகத் தின்னும் காய்கறிக்கும் கீரைக்கும் இது வேண்டாம் என்பதையும் ஊருக்குச் சொல்ல வேண்டும். திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையமும் பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் மட்டி, ஏத்தன் வாழைக்கு எத்தனை லிட்டர், எந்த மாதம், பொட்டாஷ் எவ்வளவு என்று போட்டுப் பார்த்து, தமிழில் ஒரு பக்க அட்டையாகத் தந்தால் போதும்.

இடவப்பாதி தொடங்கும் முன்பு, வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலேயே டேங்கர் பற்றி மட்டுமாவது ஒரு பதில் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல்குளம், திருவட்டாறு வட்டச் சிறு விவசாயிகள்